காய வைக்கிற கலை

ஒரு ஜோடிப் பாதுகைக்குப் பட்டாபிஷேகம் செய்து, 14 வருஷ காலம் அதன் பேரால் ராஜ்யபாரம் நடத்திய கதையை நெஞ்சில் வைத்துப் போற்றுகிற தேசம் நம்முடையது. அந்தப் பாதுகையின் பெருமையை வேதாந்த தேசிகர் 1,008 சுலோகங்களில் பாடியிருக்கிறார். அத்தனையும் ஒரே இராத்திரியில் பாடியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். காலில் போடுகிற வஸ்துவுக்கு இவ்வளவு மரியாதை செய்த நாம், அது மழையில் நனைந்து போனால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வெண்பாகூட எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால், சென்ற 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் எனக்கு நேர்ந்த தலைகுனிவு நேர்ந்திராது.

நான் குடியிருப்பது சேலம் அம்மாபேட்டையில். குமரகிரி மலையின் மேல் முருகன் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருக்கிற பேட்டை. எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் தறிச் சத்தம் கேட்கிறது. முன்பெல்லாம் தெருவுக்குத் தெரு கேட்ட சத்தம். இப்போது காது கொடுத்தால்தான் கேட்கிறது. எனக்கு அடுத்த வீட்டுக்காரர் அப்படிப்பட்ட தறிக்காரர்களில் ஒருவர். குழித்தறியில் பட்டு வேட்டி நெய்கிறார். தரையிலே குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிற பழைய தறி. காலையில் நான் எழுதுவதற்காக மேஜைமுன் உட்கார்ந்து, ஒரு வரியும் ஓடாமல் தவிக்கிறபோது, சுவருக்கு அந்தப் பக்கத்தில் நாடா இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருக்கும். 'உன் தறி ஏன் நிற்கிறது?' என்று அது என்னைக் கேட்பது போல் இருக்கும்.

அவருக்கு ஒரே பெண். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள். ஓடுவாள், நன்றாக ஓடுவாள். விடியற்காலையில் ஏரிப் பக்கம் போய் ஓடிவிட்டு, மூச்சு வாங்க எங்கள் திண்ணையில் வந்து உட்காருவாள். என் மனைவி கொடுக்கும் காப்பியை வேண்டாம் என்று சொல்லி, நீராகாரத்தைக் கேட்டு வாங்கிக் குடிப்பாள். அவளிடம் ஓடுவதற்கென்று ஒரு ஜோடு உண்டு. நீல நிறத்தில், மேலே வலை போன்ற துணியும் அடியில் வெள்ளை நுரையும் வைத்த ஜோடு. அதை வாங்குவதற்கு அவள் தகப்பனார் எத்தனை வேட்டி நெய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவள் அதைத் தெருவில் போட்டு நடக்கமாட்டாள். கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போய், ஓடும் இடத்தில் மாட்டிக்கொள்வாள். பாதுகையைத் தலையில் சுமந்த பரதனுக்கு அடுத்தபடியாக நான் கண்ட பக்தி அதுதான்.

'ஃபெஞ்சல்' என்று பெயர் வைத்த புயல், 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயல் தன் வழியே போய்விடும் என்றுதான் நாம் நினைப்போம். இது உள்நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டுவிட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏற்காட்டு மலையிலும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மலையிலே பெய்தால் அது சேர்வராயன் சீமையோடு நின்றுவிடுமா? திருமணிமுத்தாறு வழியாக எங்களைப் பார்க்க இறங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை இராத்திரி எங்கள் தெருவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். அடுத்த வீட்டுத் தறிக்குழி நிரம்பிக் கிணறாகிவிட்டது. திண்ணையோரம் வைத்திருந்த அந்த நீல ஜோட்டைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. மழை விட்டிருந்தது. பெண் தெரு முழுக்கத் தேடிக் கடைசியில் சாக்கடை மதகுக்குப் பக்கத்தில் இரண்டையும் கண்டெடுத்துவிட்டாள். குழாயடியில் கழுவினாள். எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து பழைய தினசரித் தாளைக் கேட்டு வாங்கி, உருட்டி உருட்டி அதற்குள் அடைக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"என்ன பாப்பா?" என்று கேட்டேன்.

"நாளன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஓட்டத்துக்குப் பொறுக்கறாங்க தாத்தா. ஆயிரத்தைந்நூறு மீட்டர். இது அதுக்குள்ள காயுமா?"

வானத்தைப் பார்த்தேன். சூரியன் என்று ஒருவன் இருந்ததற்கே அடையாளம் இல்லை. ஜோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் தேறும். அப்பொழுதுதான் எனக்குள்ளிருந்த தர்மப் பிரபு விழித்துக்கொண்டார்.

"இதுக்கா கவலைப்படறே? நம்ம வீட்டிலே யந்திரம் இருக்கு. ஒரு மணி நேரத்திலே காய வைத்துத் தருகிறேன், பார்!" என்றேன்.

*

அந்த யந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெங்களூரில் இருக்கும் என் பிள்ளை, அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறித் துணி உலர்த்தக் கூடாது என்று சொல்லி அதை வாங்கி அனுப்பி வைத்தான். துவைக்கிற யந்திரம் அல்ல. துவைத்த துணியை உலர்த்துகிற யந்திரம். உள்ளே ஒரு பெரிய தகரப் பீப்பாய். அது மெல்லச் சுழலும். மின்சாரக் கம்பி காற்றைச் சூடாக்கும்; விசிறி அந்தச் சூட்டுக் காற்றைப் பீப்பாய்க்குள் ஊதும். துணி மேலே போய் மேலே போய்க் கீழே விழும். ஈரத்தைக் காற்று சுமந்துகொண்டு குழாய் வழியாக வெளியே போய்விடும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் அதற்கு 2,000 வாட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். மின்சார பில் வருகிற மாதத்தில் அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

இந்த எண்ணம் ஒன்றும் புதிது அல்ல. 1892-ஆம் வருஷமே ஜார்ஜ் சாம்ப்ஸன் என்ற அமெரிக்கர், அடுப்பின் சூட்டிலே துணி உலர்த்தும் சட்டம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். பிறகு வடக்கு டகோட்டாவிலே ராஸ் மூர் என்பவர், பனிக்காலத்தில் துணி உலர்த்துகிற அவஸ்தையைக் கண்டு சகியாமல், பீப்பாய் சுழலும் யந்திரத்தைச் செய்து பார்த்தார். 1938-இல் அது கடைக்கு வந்தபோது அதற்கு 'ஜூன் டே' என்று பெயர் சூட்டினார்கள். ஜூன் மாதத்து நாள்! பனியிலே விறைத்துப் போகிறவர்களுக்கு அது எத்தனை இனிப்பான பெயராக இருந்திருக்கும்!

சேலத்துக்காரனுக்கு அந்தப் பெயரின் ருசி தெரியாது. எங்களுக்கு வெயிலே மூலதனம். இந்த ஜில்லாவிலே மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிறவர்கள், ஏக்கர் கணக்கில் களம் போட்டு வெயிலில் காய வைக்கிறார்கள். அவர்களுக்காக 1981-இல் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கமே ஏற்பட்டது. மஞ்சள் காய்கிறது, மிளகாய் காய்கிறது, வடாம் காய்கிறது, சாயம் தோய்த்த நூல் காய்கிறது. இப்படிக் காய்வதிலேயே ஜீவனம் நடத்துகிற ஊருக்குக் காய வைக்கும் யந்திரம் வந்து சேர்ந்தது, கொல்லிமலைக்குப் பலாப்பழம் அனுப்பியது போலத்தான். என் மனைவி அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெயிலுக்குக் கூட இனிமே காசு கொடுக்கணுமாக்கும்!" என்றாள். அத்தோடு அதன்மேல் ஒரு கோலம் போட்ட துணியைப் போர்த்தி வைத்துவிட்டாள்.

அந்த யந்திரத்தில் ஒரு வலைத் தட்டு உண்டு. ஒவ்வொரு தடவை துணி உலர்ந்த பிறகும் அதிலே சாம்பல் நிறத்தில் பஞ்சு சேர்ந்திருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். விட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஒரு நாள் அடுத்த வீட்டுத் தறிக்காரர் வந்திருந்தபோது, யந்திரத்தின் மகிமையைக் காட்டுவதற்காக அந்தப் பஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தேன். "பார்த்தீர்களா, துணியில் இருந்த அழுக்கையெல்லாம் எப்படி எடுத்துவிட்டது!" என்றேன்.

அவர் அதை இரண்டு விரலால் பிரித்துப் பார்த்தார். நூல்காரர் அல்லவா? பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்கண்ணா, இது அழுக்கு இல்லீங்க. இது உங்க வேட்டிங்க."

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

*

"ஜோட்டை அதிலே போடலாமா? புத்தகத்திலே என்ன எழுதியிருக்குன்னு பார்த்தீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

புத்தகம் எழுதுகிறவனைப் பார்த்துப் புத்தகம் படித்தாயா என்று கேட்டால் ரோஷம் வருமா, வராதா? மேலும், சீமையிலே இருக்கிறவர்கள் யந்திரத்தில் ஜோடு உலர்த்துகிறார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான். ஆனால் அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கயிற்றை முடிந்து, முடிச்சை யந்திரத்தின் கதவுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தி, ஜோடு உருளாமல் கதவிலேயே தொங்கும்படி செய்வார்களாம். சில யந்திரங்களுக்கு ஒரு தட்டுக் கொடுக்கிறார்கள். பீப்பாய் சுழலும், தட்டு அசையாமல் நிற்கும், அதன்மேல் ஜோட்டை வைக்க வேண்டும். அதுவும் சூட்டை அடியோடு குறைத்து வைத்து, எந்த ஜோடு என்று பார்த்துத்தான்.

நான் இரண்டையும் உள்ளே எறிந்து, முள்ளை எந்தப் பக்கம் திருப்பினால் அதிக சூடோ அந்தப் பக்கம் திருப்பி, பொத்தானை அழுத்தினேன்.

அதிலிருந்து எழும்பிய சத்தம் இருக்கிறதே! சப்பரத்துக்கு முன்னால் அடிக்கிற பறையும், கூரைமேல் குரங்கு குதிப்பதும் சேர்ந்தால் எப்படியோ அப்படி. திடும், திடும், திடுதிடும்! யந்திரம் நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்துவிட்டது. என் மனைவி கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண் மட்டும் கண்ணாடிக் கதவு வழியாகத் தன் ஜோடு கரணம் போடுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஓடறதைவிட வேகமா ஓடுது தாத்தா!" என்று அவள் சொன்னபோது, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன சன்மானம் வேண்டும்?

அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தேன். எரிந்த ரப்பரின் வாடை முகத்தில் அடித்தது. ஜோட்டை எடுத்தேன். காய்ந்துதான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வலது ஜோட்டின் அடி, முன்பக்கத்தில் பாதி வரைக்கும் பிரிந்து, தவளை வாயைத் திறந்தது போல் திறந்துகொண்டிருந்தது. இடது ஜோட்டின் உள்ளே இருந்த மெத்தை சுருங்கிச் சுருண்டு கிடந்தது.

அதைப் பார்த்தபடி நான் நின்றுகொண்டிருந்தபோது வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

இனிமேல் சொல்லப் போவதை இந்தப் பக்கங்களில் எழுதுவதா, வேண்டாமா என்று நான் வெகுநாள் யோசித்தேன். வாசகர்கள் என்னைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயம் கொஞ்சம் குறைந்தாலும் குறையட்டும், எழுதிவிடுகிறேன். பெண் வந்து நின்றாள். ஜோட்டைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன் என் நாக்கு முந்திக்கொண்டது.

"ஒட்டு முன்னாலேயே விட்டுப் போயிருந்திருக்கு பாப்பா. சாக்கடைத் தண்ணியிலே ராத்திரி முழுக்க ஊறிக் கிடந்தது இல்லையா? அதுதான்..." என்றேன்.

அவள் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. தலையை ஆட்டினாள். பிறகு அவள் சொன்னாள்: "உங்களுக்கு வீணா சிரமம் கொடுத்துட்டேன் தாத்தா."

ஜோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை. யந்திரத்தோடு வந்த புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

*

அன்றிரவு அந்தப் புத்தகத்தைப் படித்தேன். ஐந்தாவது பக்கத்திலேயே இருந்தது: நுரை ரப்பர் வைத்த சாமான்களையும் ரப்பர் அடி வைத்த சாமான்களையும் போடக் கூடாது என்று. ஒரு வரி. அதைப் படிப்பதற்கு அரை நிமிஷம் ஆகாது.

தூக்கம் வராதவனுக்குப் படிப்பு வளரும். ஜோடு செய்கிற விதத்தைப் பற்றி மேலும் தேடிப் படித்தேன். இந்தக் காலத்து ஓட்டப் பந்தய ஜோடுகளைப் பெரும்பாலும் தைப்பதில்லை, ஒட்டுகிறார்கள். பசையைத் தடவி முதலில் அதை உலர விடுவார்கள். பிறகு விளக்கின் சூட்டில் காட்டுவார்கள். சுமார் 60 டிகிரி வந்ததும் உலர்ந்த பசை இளகிப் பிடிப்பு ஏறும். அந்த நிமிஷத்தில் அடியையும் மேலையும் சேர்த்து அழுத்திவிடுவார்கள். என் யந்திரத்துக்குள்ளே இருந்த சூடும் ஏறக்குறைய அதே அளவுதான். எந்தச் சூடு சேர்த்து வைத்ததோ அதே சூடு பிரித்தும் வைத்தது. சேர்க்கும்போது மேலே அழுத்துவதற்கு ஒரு கை இருந்தது. பிரியும்போது திடும் திடும் என்று அடிப்பதற்கு ஒரு பீப்பாய் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அடியில் இருக்கும் வெள்ளை நுரையும் சூடு கண்டால் சுருங்குகிற ஜாதி.

தோல் ஜோடாக இருந்திருந்தாலும் தப்பியிராது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நம்முடைய ஆவாரம் பட்டையைப் போட்டுப் பதனிட்டு, கப்பல் கப்பலாகச் சீமைக்கு அனுப்பினார்கள். 1948-இலிருந்து சென்னை அடையாற்றிலே இதற்கென்றே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோலுக்கு உயிர் அதிலுள்ள எண்ணெய்ப் பசை. ஈரத் தோலை அவசரமாகச் சுட வைத்தால் அது விறைத்து, சுருங்கி, வெடித்துப் போகும். பிறகு எத்தனை எண்ணெய் தடவினாலும் பழைய தோல் ஆகாது.

என் தகப்பனாருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. அவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். மழைக்காலத்தில் ஜோடு நனைந்து போனால், அதற்குள் உமியை நிரப்பி மச்சுப்படியின் கீழே, அடுப்புச் சூடு படாத இடத்தில் வைப்பார். உமி ஈரத்தைக் குடிக்கும். ஜோட்டின் உருவமும் கெடாது. மேல்நாட்டிலே குதிரைச் சவாரிக்காரர்கள் இதையே ஓட்ஸ் தானியத்தைப் போட்டுச் செய்தார்கள். பழைய தினசரித் தாளும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். மை ஒட்டாமல் இருக்க நல்ல தாளாகப் பார்த்து அடைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை மாற்றி, விசிறிக் காற்றில் வைத்துவிட்டால் போதும். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் திண்ணையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்த காரியம் இருக்கிறதே, அது முழுக்க முழுக்கச் சரியான காரியம். தானே சரியாகச் செய்துகொண்டிருந்தவள் கையிலிருந்து பிடுங்கி, நான் உபகாரம் செய்தேன்!

இது அற்ப விஷயம் என்று யாராவது நினைத்தால், 1914-ஆம் வருஷத்து யுத்தத்தைப் பற்றிப் படிக்கட்டும். பதுங்கு குழிச் சேற்றில் ஈர பூட்ஸோடு நாள் கணக்கில் நின்ற சிப்பாய்களுக்குக் கால் அழுகிப் போயிற்று. குண்டு படாமலே ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காலுறையை மாற்று, காலைத் துடை, எண்ணெய் தடவு என்று சேனாதிபதிகள் உத்தரவு போட்டார்கள். காலில் ஈரம் என்பது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் அன்றிரவு என்னை உறுத்தியது ஜோடு அல்ல. ஜோட்டுக்கு விலை உண்டு. 'உங்களுக்கு வீணா சிரமம் கொடுத்துட்டேன் தாத்தா' என்றாளே, அதற்கு என்ன விலை? ஒரு குழந்தையின் ஜோட்டைப் பாழாக்கியதோடு நிற்காமல், அவளை என்னிடம் மன்னிப்பும் கேட்க வைத்துவிட்டேன்.

*

மறுநாள் காலை அடுத்த வீட்டுக்குப் போனேன். தறிக்காரர் குழிக்குள் இறங்கி, தகர டப்பாவால் சேற்றுத் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாளியைத் தூக்கிப் போய்த் தெருவில் கொட்டினார். தறியிலே பாவு ஏற்றியபடியே இருந்தது. அரை வேட்டி நெய்திருந்தது. அறையிலே ஈர வாடை. ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்து, ஒரு மூலையில் மின்விசிறியை மெதுவாக ஓட விட்டிருந்தார்.

"வாங்கண்ணா! உட்காருங்க. உட்காரத்தான் இடமில்லை," என்றார்.

"பாவு நனைந்துவிட்டதா?"

"ஓதம் ஏறியிருக்குங்க. இழை தொய்ஞ்சு கிடக்குது. நாலு நாள் ஆகுமுங்க."

என் யந்திரம் இன்னும் என் தலையை விட்டு முழுவதும் இறங்கவில்லை போலிருக்கிறது. "ஒரு கணப்பு மூட்டினால் சீக்கிரம் காயாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குழியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "காயுமுங்க. அப்புறம் அச்சுல ஓட்டினா மொடமொடன்னு அறுந்துடும். நூலுக்கும் கொஞ்சம் ஈரம் வேணுமுங்க. ஒரேயடியா காஞ்சு போனா அதுக்குள்ள ஒண்ணும் இருக்காது. நிழல்ல, காத்துல, அதுபாட்டுக்குக் காயணும். நாம சும்மா இருக்கணும். அந்தச் சும்மா இருக்கிறதுதான் கஷ்டமுங்க," என்றார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அறுபது வருஷமாகப் பாத்திரங்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்தவனுக்குத் தன் வசனம் வரவில்லை. கடைசியில் எப்படியோ சொல்லிவிட்டேன். ஒட்டு முன்னால் விடவில்லை, என் யந்திரத்தில்தான் விட்டது. புத்தகத்தைப் படிக்காமல் போட்டேன். குழந்தையிடம் பொய் சொன்னேன் என்று. சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ரூபாயை எடுத்தேன்.

அவர் ரூபாயைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். வெகு நேரம் ஆனது போல் இருந்தது. குழிக்குள் சொட்டுச் சொட்டாக ஊறும் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு நேத்தே தெரியுமுங்கண்ணா," என்றார். "சூட்டுல விட்ட ஒட்டுக்கும் தண்ணியில விட்ட ஒட்டுக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா? நுரை சுருங்கியிருந்துதே. பாப்பாகிட்டே நான் ஒண்ணும் சொல்லலீங்க. பெரியவங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க?"

"பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்."

"நஷ்டத்துக்குன்னா வேண்டாமுங்க." அவர் மறுபடி டப்பாவை எடுத்துக்கொண்டார். "தாத்தா பொங்கலுக்கு வாங்கித் தர்றாருன்னா வாங்கிக்குவா. அது வேற. ஆனா, அந்தப் பேச்சை மட்டும் நீங்களே அவகிட்டே சொல்லிடுங்கண்ணா. தன்னாலதான் உங்களுக்குச் சிரமம்னு ராத்திரி சாப்பிடாமக் கிடந்தா."

சொன்னேன். பள்ளிக்கூடம் போகிற வேளையில் வாசலில் நிறுத்திச் சொன்னேன். அவள் முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு, "அப்போ என் ஷூ நல்ல ஷூதானா தாத்தா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்ல ஷூ, பாப்பா. தாத்தாவுக்குத்தான் மூளை போதவில்லை."

அவள் முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கினது. அப்பா வாங்கித் தந்த ஜோடு மட்டமான ஜோடு என்று நான் சொல்லிவிட்டிருந்தேன். அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

*

அன்று மத்தியானம் ஜோட்டை எடுத்துக்கொண்டு, கடைவீதி மூலையில் குடையை விரித்து உட்கார்ந்திருக்கும் ஜோடு தைக்கிற பெரியவரிடம் போனேன். அவர் திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். "நெருப்புக்குப் பக்கத்துல வெச்சீங்களா?" என்றார். அவருக்கும் தெரிந்துவிட்டது. அம்மாபேட்டையில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த சாஸ்திரம் போலிருக்கிறது.

பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசை தடவி, அது போதாது என்று மெழுகு நூலால் சுற்றிலும் தையல் போட்டார். சுருங்கிப்போன மெத்தையை எடுத்து எறிந்துவிட்டு வேறு வெட்டி வைத்தார். மரக்கட்டையை உள்ளே கொடுத்து முன்பக்கத்தை விரித்தார். நான் சாக்குமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் யந்திரத்துக்கு ஆன அதே ஒரு மணி நேரம்!

சாயங்காலம் பெண் ஓடி வந்தாள். மைதானத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறதாம். ஓட்டப் பந்தயத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்களாம்.

ஆக, நான் அவசரப்பட்டதற்கு அவசியமே இருக்கவில்லை. திண்ணையிலே தாளை அடைத்து அப்படியே விட்டிருந்தால், மூன்று நாளில் அது தானாகக் காய்ந்திருக்கும். ஒரு பொய்யும் பிறந்திராது.

புது ஜோடு வாங்கிக் கொடுத்தேன், பொங்கலுக்கு என்று சொல்லி. அவள் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். ஆனால் பந்தயத்தன்று தைத்த பழைய ஜோட்டைத்தான் போட்டுக்கொண்டு ஓடினாள். புது ஜோடு கடிக்கிறதாம். முதலாவதாக வந்தாள் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்; கதையாக இருந்தால் எழுதியும் இருப்பேன். நான்காவதாக வந்தாள். மூன்று பேரைத்தான் பொறுக்கினார்கள். ஜோடு காரணமா என்று கேட்டேன். "இல்லை தாத்தா, கடைசி சுத்துல மூச்சு போச்சு," என்றாள். அதை நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன்.

அந்த நாலு நாளும் அடுத்த வீட்டுத் தறி ஓடவில்லை. ஐந்தாம் நாள் காலையில், நான் மேஜைமுன் உட்கார்ந்திருந்தபோது, சுவருக்கு அப்பால் முதலில் மிதிகட்டையின் சத்தமும் பிறகு நாடாவின் சத்தமும் கேட்டன. பாவு காய்ந்துவிட்டது. ஒரு இழையும் அறவில்லை என்று பிற்பாடு அவர் சொன்னார்.

யந்திரம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அடைமழை நாட்களில் துண்டும் துப்பட்டியும் அதில் உலர்கின்றன. அந்த வேலைக்கு அது கெட்டிக்கார யந்திரம். அதன்மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதன் தலைமேல் என் மனைவி ஒரு கூடையை வைத்திருக்கிறாள். கூடை நிறையப் பழைய தினசரித் தாள். மழை மேகம் கூடினால், கூப்பிடாமலே அடுத்த வீட்டுப் பெண் உள்ளே வந்து, அதிலிருந்து நாலைந்து தாளை உருவிக்கொண்டு போவாள். நான் பார்த்தும் பார்க்காதது போல் எழுதிக்கொண்டிருப்பேன்.